ஆற்றில் விட்ட எலுமிச்சம்பழங்கள்

தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கமிருந்து பெண்களின் கூச்சல் கேட்டபோது நான் லோரியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். தோட்டத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் எல்லாரும் தேடுவது என்னைத்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. புல் வெட்டுக் கூலியாகச் சேர்ந்து, லோரி ஓட்டி, பிறகு சொந்தமாகவே இரண்டு லோரி வாங்கினேன். எவன் தயவும் இல்லை.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த பாலன் என்ற புவியியல் ஆசிரியர், ஆறாம் படிவ மாணவர்களை ஆற்றை அளக்கக் கூட்டி வந்திருந்தார். ஏற்றி வந்தவன் நான். தோட்ட ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். "கம்ப்ளேன் வந்துச்சுன்னா அப்பவே ஏத்திக்கிட்டுப் போயிடணும் கோவிந்தா. தொரை என்னைத்தான் கேப்பாரு" என்று கிராணி சொல்லியிருந்தார். மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் பிள்ளைகளின் பரீட்சை வேலை பாழ்.

முதல் இடம் லயத்துக்கு மேலே. ஆற்றுக்குக் குறுக்கே டேப் பிடித்து அகலம் பார்த்தார்கள். கோலை நட்டு ஆழம் பார்த்தார்கள். வேகம் பார்க்க இரண்டு கயிறு கட்டி, மேல் கயிற்றில் ஒரு பொருளைப் போட்டு, கீழ்க் கயிற்றுக்கு வரும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் பார்ப்பார்கள். லேசான பொருளைக் காற்று தள்ளிவிடுமாம். எலுமிச்சம்பழம் பாதி முங்கி மிதப்பதால் தண்ணீரோடு போகுமாம். அதனால் சார் ஒரு வாளி எலுமிச்சை கொண்டுவந்திருந்தார். கலங்கல் தண்ணீரில் தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் பொட்டு வைத்திருந்தார். கயிற்றைத் தாண்டியவற்றை யாரும் பிடிக்கவில்லை. "போனாப் போகட்டும், நெறைய இருக்கு" என்றார்.

போனவை வளைவைத் தாண்டி, பெண்கள் துணி துவைக்கும் இடத்துக்குப் போயிருக்கின்றன. தண்ணீரில் நின்றிருந்த செல்வியின் காலில் ஒன்று இடித்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சிவப்புப் பொட்டு. பின்னால் இன்னும் நான்கைந்து வந்தன. செல்விக்கு அப்போது நிறைமாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. நான் போனபோது அவள் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அவள் மாமியார் முனியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எவன்டா எம் மருமவளுக்கு வச்சது? நீ கூட்டியாந்த கூட்டந்தானே மேல நிக்குது!"

பாலன் சார் கையில் வாளியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே மாணவர்களும் வந்தார்கள். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்கத்தான் போட்டோம்."

"தண்ணி ஓடறது கண்ணுக்குத் தெரியலையா வாத்தியாரே? அதுக்குப் பொட்டு வச்ச எலுமிச்சம்பழம் எதுக்கு? நான் கிராணிகிட்ட போறேன் லா!"

கிராணியிடம் போனால் அன்றைய வேலை முடிந்தது. நான் வாளியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, கத்தியால் அறுத்து, எல்லாரும் பார்க்க வாயில் பிழிந்தேன். அந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது.

முனியம்மா அசரவில்லை. "நீ ஏன்டா குடிக்கிற? வச்சவன் குடிக்கட்டும். கெட்டது வச்சவன் தன் வாயில அதை வப்பானா? வச்சா நம்புறேன்."

சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பழம் முழுவதையும் பிழிந்து குடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பழம் போட்டது இவரு மட்டுமா?" என்றாள் முனியம்மா.

மாணவர்களை வரிசையாக நிறுத்தினேன். மலாய்ப் பையன்கள் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். ஒரு சீனப் பெண் முகத்தைக் கோணிக்கொண்டு மலாயில் சீனி கேட்டாள். துணி துவைத்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். முனியம்மா சிரிக்கவில்லை. கடைசிப் பையன் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழுகையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி எச்சில் விழுங்கினாள். "அத்த... எனக்கும் ஒரு மூடி குடுங்களேன். நாக்கு ஊறுது."

முனியம்மா அவளை முறைத்தாள். பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, தானே ஒரு பழத்தை அறுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஓடிப்போய் உப்புக் கொண்டாங்கடி" என்றாள்.

அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வாளியும் காலி. இன்னும் இரண்டு இடம் அளக்க வேண்டும். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மார்க்கிசாப் பழம் மெதக்குமா?" என்று செல்விதான் கேட்டாள். "எங்க வீட்டுக்குப் பின்னால கொடி நெறைய காச்சிருக்கு."

கெட்டித் தோலுள்ள உருண்டைப் பழம் அது. மிதந்தது. இரண்டாவது இடத்தை லயத்துக்கு எதிரிலேயே அளந்தார்கள். மை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செல்வி கீழ்க் கயிற்றுப் பக்கம் கணுக்கால் தண்ணீரில் நின்று, வந்த ஒவ்வொரு பழத்தையும் ஒன்றுகூடத் தவறவிடாமல் பிடித்தாள். "சார், இது மெதுவா வருது, இன்னொரு தடவ போடுங்க!" என்று அதிகாரம் வேறு. முனியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மூன்றாவது இடத்தையும் அதே பழங்களை வைத்தே அளந்து முடித்தார்கள். அந்த மாதமே செல்விக்குப் பையன் பிறந்தான்.

அதன்பிறகு ஆற்றை அளக்க வந்த பள்ளிக்கூடங்களை எல்லாம் நான்தான் ஏற்றிப் போனேன். என்னைத் தவிர வேறு ஆளைக் கிராணி நம்பவில்லை. லோரியை நிறுத்தியதும் பிள்ளைகளை இறக்க மாட்டேன். முதலில் ஆற்றோரமாகக் கீழே நடந்துபோய், தண்ணீரில் நிற்பவர்களிடம் என்ன மிதந்து வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவேன். படிக்கிற பிள்ளைகளும் அப்படியே செய்யுங்கள். டேப்பையும் கோலையும் அப்புறம் எடுக்கலாம்.