கட்டிங் மேஜையும் இடது கையும்

வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்தாலும், சீருடை தைக்கும் அந்தக் கடையில் கட்டிங் மாஸ்டரின் மேஜையை வேறு யாரும் தொட்டதில்லை. அவர் கத்தரி பிடிப்பது இடது கையில். டயாலிசிஸுக்காகக் கையில் செய்யும் ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர், "எந்தக் கையால எழுதுவீங்க?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி எழுதும் கையை மாற்றிக்கொண்டவர், "வலது கைதான் சார்" என்றார். கத்தரியைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை, இவரும் வாய் திறக்கவில்லை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக, எழுதாத கை என்று இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவிட்டார்கள்.

இரண்டே மாதத்தில் அந்தக் கை ஐஸாகிவிட்டது. விரல் நுனிகள் நீலம் பாரித்தன. கத்தரி நழுவி விழுந்தது.

"மாமா நல்லாத்தான் நடிக்கிறார். உட்கார்ந்து சாப்பிட ஆசை வந்துடுச்சு," என்று மனைவியின் தம்பி கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அவனை அங்கே சேர்த்துவிட்டதே மாஸ்டர்தான். முதலாளி அவன் பேச்சை நம்பி, மாஸ்டரைப் பட்டன் தைக்க உட்கார வைத்தார். மேஜை மைத்துனனுக்குப் போனது.

"அளவு அட்டையெல்லாம் கொடுங்க மாமா. இனிமே உங்களுக்கு எதுக்கு?"

துணிமேல் வைத்து வெட்டும் அந்த அட்டைகளைக் கொடுத்தார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தையலுக்காக ஓரத்தில் கூடுதலாக விடவேண்டிய துணி அந்த அட்டைகளில் கிடையாது. வெட்டும்போது கண்ணளவில் விட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

"சொல்லிடுங்களேன், அவன் என் தம்பியாச்சே," என்று மனைவி கெஞ்சினாள்.

"நடிகனுக்குத் தையல் பத்தி என்ன தெரியும்?" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

மைத்துனன் காவலாளிகளுக்கான அறுபது சட்டைகளை அட்டை விளிம்போடு வெட்டித் தள்ளினான். தைத்துப் போட்டுப் பார்த்தபோது ஒருவருக்கும் பட்டன் எட்டவில்லை.

அதே வாரம் புது டாக்டர் ஒருவர், கையிலிருந்த இணைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். மாஸ்டரின் விரல்களில் சூடு ஏறியது.

"விரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தை இது இழுத்துக்குது. அபூர்வமா இப்படி ஆகும். இன்னும் விட்டிருந்தா விரலே போயிருக்கும்."

குழாயைச் சுருக்கித் தைத்தார்கள். கட்டுப் பிரித்து, கைக்குத் தெம்பு வந்ததும் முதலாளியே அந்தச் சட்டைகளில் ஒன்றோடு வீட்டுக்கு வந்து நின்றார்.

"பக்கத் தையலைப் பிரிச்சு நடுவுல துணிப் பட்டி வெச்சுத் தெச்சா சட்டைங்களைக் காப்பாத்திடலாம்," என்றார் மாஸ்டர். "ஆனா அறுபதையும் அவன்தான் பிரிக்கணும். என் கண்ணு முன்னாடி."

மறுநாள் கடையில் தையல் பிரிக்க உட்கார்ந்த மைத்துனன் மதியம் வரை தலை நிமிரவில்லை.

"சாப்பிட்டுட்டு வந்துடறேனே மாமா?"

மாஸ்டர் பட்டித் துணியில் கத்தரியை நேராக ஓட்டி முடித்தார். பிறகுதான் அவனைப் பார்த்தார்.

"இன்னும் நாற்பத்து மூணு இருக்கு மாப்ள."