காவடிக்கு முன்னால் ஒரு முட்டிப் பரிசோதனை

போன சனிக்கிழமை மல்லி, மிளகாய் வாங்க பெண்டஹாரா ரோட்டுக்குப் போயிருந்தேன். மளிகைக் கடை நாகலிங்கம் என்னைக் கண்டதும் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"என்னா கிராணியாரே… முட்டி சரியில்லன்னு காவடிய எறக்கி வெச்சிட்டீங்களாமே? பொண்டாட்டி பால்குடம் தூக்க, நீங்க பிள்ளைய தூக்கிக்கிட்டு பின்னாலயே போனீங்களாம்!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள்.

"இப்ப முட்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"வலி?"

"இல்ல."

"அப்புறம் என்னா லா! ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

மிளகாய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதிலெல்லாம் தோன்றியது. ஆகவே இந்த வாரம் அவருக்கே எழுதுகிறேன். மனிதர் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில்தான் வாராவாரம் கடுகு மடித்துத் தருகிறார். எப்படியும் கண்ணில் படும்.

முதலில், காவடி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வாரம் எங்கள் மகள் பிறந்தாள். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருந்தது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். பிள்ளை நன்றாக இருந்தது. என் மனைவி சரசுவுக்குத்தான் காய்ச்சல் இறங்கவேயில்லை. நர்ஸ் வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நல்ல செய்தி என்றால் சொல்லாமல் போவார்களா? நின்ற இடத்திலேயே கைகூப்பினேன். 'முருகா, இவளை எனக்குத் திருப்பிக் கொடு. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து செங் ஊர்க் கோயில் வரைக்கும் நடக்கிறேன்.'

திருப்பிக் கொடுத்தான். நான் மட்டும் நடக்காமல் இருக்கலாமா? நேர்த்திக்கடனில் குறை வைத்தால் அவளுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. படித்தவன்தான், கவர்ன்மெண்ட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான்… பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

விரதம் தொடங்கினேன். காவடி ஒன்றை இரவல் வாங்கி, சொம்புகளில் தண்ணீரை நிரப்பிக் கட்டி, ஆபீஸ் விட்டு வந்ததும் காஜா பேராங்கில் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்து பழகினேன். இதைத்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிஸ் மீனாட்சி பார்த்துவிட்டார்.

மிஸ் மீனாட்சி எங்கள் பக்கத்து வீடு. மலாக்கா செட்டி குடும்பம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். நடுவில் 'அண்ணே', 'அக்கா' என்று தமிழ் எட்டிப்பார்க்கும். வெளிநாட்டில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்து, கைகால் ஒடிந்தவர்களை மறுபடி நடக்க வைக்கிற வேலை பார்க்கிறார். அவர் மலாயில் சொன்னதைப் பெரும்பாலும் தமிழிலேயே தருகிறேன்.

"அண்ணே, காவடிய கீழ வைங்க. கொஞ்சம் உங்க காலப் பாக்கணும்."

துணி காயப்போடும் மூங்கிலை எடுத்து என் கையில் கொடுத்தார். தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம்.

"சங்கோங்!"

அப்படியே குந்த வேண்டும். இதென்ன பரீட்சை? தினமும் காலையில் செய்கிற காரியம்தானே! குந்தினேன். மூங்கில் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. இடது குதிகால் தரையை விட்டு எழும்பிக்கொண்டது.

"செகாலி லாகி." மறுபடியும் குந்தினேன். மறுபடியும் அதே கதிதான்.

பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வீட்டுப் படியிலிருந்து ஒரு காலை ஊன்றி மெதுவாக இறங்கச் சொன்னார். "பெலான்-பெலான்… அவசரமில்ல." நான் இறங்க இறங்க, அவர் தரையில் உட்கார்ந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். படி மேல் சரசு, இடுப்பில் பிள்ளையோடு நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வலது கால் நேரா இருக்கு. இடது முட்டி ஒவ்வொரு தடவையும் உள்பக்கமா சாயுது. கணுக்கால் சரியா மடங்கல. எப்பயாச்சும் பிசகிச்சா?"

பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடி ஒருமுறை பிசகியது. எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார்கள். அதோடு மறந்தும் போனது.

"வெறுங்கையோட நடந்தா ஒண்ணும் தெரியாது. தோள்ல பாரம், வெறுங்கால், செங் வரைக்கும் தார் ரோடு… அந்த முட்டி தாங்குமான்னு எனக்குச் சந்தேகம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாமி காரியம் மிஸ் இது. சாமி பாத்துக்கும்."

"சாமி பாத்துக்கும்தான். எங்க வார்டுல கால் கட்டோட படுத்திருக்கவங்களும் சாமி கும்பிடுறவங்கதான், அண்ணே. எல்லாரும் விழுந்த பிறகுதான் என்கிட்ட வர்றாங்க."

"அப்ப நான் கட்டாயம் விழுந்துடுவேனா?"

மிஸ் மூங்கிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "தா தாவு லா."

தெரியாதாம்! இவ்வளவு சோதனையும் செய்துவிட்டு, தெரியாதாம்! "மானம் கறுத்திருக்குன்னுதான் நான் சொல்ல முடியும், அண்ணே. மழை பேயுமான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். 'கட்டாயம் விழுவீர்கள்' என்று மிரட்டியிருந்தால் வீம்புக்கே காவடியைத் தூக்கியிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அப்போதுதான் சரசு படியிறங்கி வந்து பிள்ளையை என் கையில் திணித்தாள்.

"நேர்ந்துக்கிட்டது யாரு உசுருக்கு?"

"உன் உசுருக்கு."

"அந்த உசுரே நடந்து வந்து நன்றி சொன்னா சாமி வேணாம்னா சொல்லும்? நான் பால்குடம் எடுக்கறேன். உங்க காவடி கால் சரியானப்புறம் வரட்டும்."

செத்துப் பிழைத்தவளையா அத்தனை தூரம் நடக்க விடுவது?

"மிஸ், அந்தக் கம்ப என்கிட்ட குடுங்க," என்றாள்.

புடவையை இழுத்துச் செருகினாள், மூங்கிலைத் தூக்கினாள், குந்தினாள். மூங்கில் அசையவில்லை. குதிகால் எழும்பவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பிள்ளைக்குக் கொக்கு காட்டினாள். தலையில் தண்ணீர்க் குடத்தோடு படி இறங்கினாள். இரண்டு முழங்காலும் நேராக இறங்கின. மிஸ் மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துப் போய், உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்.

கோயில் பண்டாரத்திடமும் கேட்டேன். "பால் யார் தலையில வந்தா என்ன, மனசோட வந்தா சரி. காவடிய அடுத்த வருசம் எடுங்க," என்றார்.

தைப்பூசத்தன்று சரசு மஞ்சள் புடவையில் பால்குடத்தோடு நடந்தாள். நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். சாமி மன்னிக்கட்டும், வழியெல்லாம் நான் பார்த்தது அவள் காலடியைத்தான். வலது, இடது, வலது, இடது… ஒன்றுகூடத் தடுமாறவில்லை. கோயில் வாசலில் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. அழுதேன். அதிலென்ன வெட்கம்?

நாம் விசித்திரமான ஆட்கள். ஒடிந்த காலுக்குக் கட்டுப் போட்டவருக்குத் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறோம். ஒடியாமல் பார்த்துக்கொண்டவருக்கு என்ன கொடுக்கிறோம்? 'ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்வளவு' என்று ஒரு கேள்வி… அவ்வளவுதான்.

இப்போது தினமும் சாயங்காலம் படியில் ஏறி இறங்குகிறேன். வேலிக்கு அப்பாலிருந்து "லுத்துட்! லுத்துட்!" என்று குரல் வரும். முட்டியைக் கவனிக்கச் சொல்கிறார். போகிற போக்கில் எனக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது — ஆபீஸில் யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிறேன். நாகலிங்கம், நீங்கள் மிளகாய் மூட்டை தூக்கும்போது உங்கள் வலது முட்டியும் உள்ளே சாய்கிறது. ஒருநாள் எங்கள் பக்கம் வந்துவிட்டுப் போங்கள்.

காவடி எடுத்திருந்தால் விழுந்திருப்பேனா? எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கும் தெரியாது. கடையில் நீங்கள் சொன்னது சரிதான், நாகலிங்கம். ஒன்றுமே ஆகவில்லை.

அதற்குத்தான் நன்றி, மிஸ்.