காயாத பசை

அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் கேசரி வைக்கக்கூட இடமில்லை. உடைந்த வில் ஒன்று அதன் நீளத்துக்கும் படுத்துக் கிடந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே வில்வித்தை கிளப்பில் கழித்துப்போட்ட வில்களையெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார். பிளந்த மர அடுக்குகளுக்கு நடுவே பசையை விட்டு, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இறுகச் சுற்றிக் காயவைப்பார். "இந்த வில்லுங்களுக்குச் செய்யற பூசையைக் கோயில்ல செஞ்சிருந்தா இந்நேரம் புள்ளகுட்டியோட இருந்திருப்பா" என்பார் அம்மா.

காலையிலேயே நான் தொட்டுப் பார்த்துவிட்டேன். டியூபுக்கு வெளியே பிதுங்கியிருந்த பசை கல்லாக இறுகியிருந்தது.

"அத்தே, காஞ்சிடுச்சு!"

"உனக்கென்ன தெரியும்? உள்ள இன்னும் ஈரம். நாளைக்குத்தான் பிரிக்கணும்" என்று காதைத் திருகினார்.

அம்மாவிடமும் அதே பேச்சுதான். "இப்ப அசைச்சா அவ்வளவுதான் அண்ணி." அம்மா கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் வெள்ளை விரிப்பு ஒன்றை அதன்மேல் போர்த்தினார். பார்க்கப் பிணம் மாதிரி இருக்கவே அதையும் எடுத்துவிட்டார்.

கிள்ளானிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "இது என்னம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், அதுவரை குனிந்த தலை நிமிராத அத்தைக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ! அறையில் கிடந்த மற்ற வில்களையும் அள்ளிவந்து காட்டினார்.

"கல்யாணத்துக்கு அப்புறமுமா இதெல்லாம்?"

"ஆமா ஆன்டி. எல்லாத்தையும் அங்கயே கொண்டு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை முழுக்க கிளப்புலதான் இருப்பேன். வில்லைச் சும்மா வச்சா வீணாப் போயிடும் லா."

அந்த அம்மாள் பாதி டீயை அப்படியே கீழே வைத்தார். போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் கார் தெருமுனைகூடத் திரும்பியிருக்காது; அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டியூபைப் பிரிக்க ஆரம்பித்தார். நாணைப் பூட்டி இழுத்தார். ஒரு முனகல்கூட இல்லாமல் வில் வளைந்தது. அத்தை அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்குக் காய வேண்டிய பசை இன்றைக்கே காய்ந்துவிட்டதே! அடுப்படிக்கு ஓடி, மீந்துபோன கேசரிக்கு முன்னால் நின்றிருந்த அம்மாவிடம், "நல்லா ஒட்டிக்கிச்சும்மா!" என்று கத்தினேன். இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டு அம்மா ஏன் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.