கடைசிக்கடை அக்காவின் கண்

எதிரே ஆள் வந்தால் கடைசிக்கடை அக்கா முகத்தைப் பார்ப்பார், இல்லையென்றால் செருப்பைப் பார்ப்பார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க மாட்டார். பார்த்தால் அளவு வந்துவிடும். என்ன நீளம், தோளுக்கு எவ்வளவு அகலம் என்று மண்டைக்குள் யாரோ சவப்பெட்டியைச் செய்து முடித்து மூடியும் போட்டுவிடுவார்கள். அப்பா காலத்திலிருந்து செய்கிற தொழில். கண்ணுக்கு லீவு கிடையாது. உட்கார்ந்திருக்கிறவர்களை மட்டும் தாராளமாகப் பார்ப்பார். மடங்கின உடம்புக்கு ஏது அளவு? கடைக்கு யார் வந்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "உட்காருங்க" என்பது இதனால்தான். மரியாதை என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் உட்காருகிறார்கள்.

தெருக்கோடியில் இருக்கிற கடை என்பதால் வந்த பெயர் என்று அக்கா சொல்வார். தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. முன்னறையில் அழுகிறவர்களுக்கு நீள சோபா, நடுவில் குளிரறை, பின்னால் பெட்டிகள், மாடியில் குடும்பம். கணவர் பெட்டி செய்கிறார், தம்பி வண்டி ஓட்டுகிறார். மிச்சமெல்லாம் அக்கா: ஆஸ்பத்திரியில் காகிதம் வாங்குவது, குளிப்பாட்டுவது, கடைசிச் சட்டைக்கு இஸ்திரி போடுவது, பேச்சுவார்த்தை இல்லாத மருமகள்களை எதிரெதிர் மூலையில் உட்கார வைப்பது.

மற்ற கடைக்காரர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வதை அவரால் சொல்ல முடியாது. "அடிக்கடி வாங்க" என்று யாரை அனுப்ப முடியும்? "எப்படி இருக்கீங்க?" என்று ஒருமுறை வாய் தவறி மருந்துக்கடைக்காரரைக் கேட்டுவிட்டார். "ஏன்க்கா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று மனிதர் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு ஓடினார். அதிலிருந்து அக்காவின் நலவிசாரிப்பு எல்லாமே வானிலைதான். "வெயில் ஜாஸ்தி இல்ல?" அதோடு சரி.

இருந்தாலும் பிறந்தநாள், பள்ளிக்கூடக் கூட்டம், எதுவானாலும் மடக்கு நாற்காலி அவர் கடையிலிருந்துதான் போகும். வாடகை இல்லை. நாற்காலி முதுகில் கடைப் பெயர் இருக்கும். வாங்கிப் போகிறவர்கள் அதன்மேல் துண்டைப் போட்டு மறைத்துவிட்டு கேக் வெட்டுவார்கள். அக்காவுக்குக் கோபம் வராது. "வெள்ளைத் துண்டு போடாதீங்க, பெயிண்ட் ஒட்டிக்கும்" என்று அவரே யோசனை சொல்வார்.

அக்காவைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் டெய்லர். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்க்கா. என் கஸ்டமர் திரும்பி வந்து சண்டை போடுவான். உங்க கஸ்டமர் தங்கமானவன்" என்பார். நோயில் இளைத்துப் போனவர்களுக்குச் சொந்தச் சட்டையே தொளதொளவென்று நிற்கும். டெய்லர் பின்னறைக்கு வந்து, முதுகுப்பக்கம் துணியைப் பிடித்துத் தைத்துவிடுவார். முன்னால் நின்று பார்க்கிற குடும்பத்துக்கு அப்பா பழைய அப்பாவாகவே தெரிவார். 

அந்த டெய்லருக்குத்தான் நெஞ்சில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகும் படுக்கையை விட்டு எழவில்லை. எழுந்து உட்காரணும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், அப்புறம் என் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் கத்திவிட்டுப் போனார். டெய்லர் அசையவில்லை. "எழுந்தா தையல் பிரிஞ்சுடும்" என்றார். மற்றவர் போட்ட தையலை அவர் என்றைக்கு நம்பினார்?

டெய்லர் மனைவி கடைக்கே வந்து கெஞ்சினார். "நீங்க சொன்னா கேப்பாருக்கா. ஒரு தடவை வந்து பாருங்க." 

"வரேம்மா" என்றார் அக்கா. போகவில்லை. மறுபடியும் வந்து கூப்பிட்டார். அப்போதும் போகவில்லை. போனால் படுத்திருக்கிற டெய்லரைப் பார்க்க வேண்டும். படுத்திருக்கிறவரை இந்தக் கண் சும்மா விடாது. சொந்தக் கணவர் மத்தியானம் கண்ணயர்ந்தால்கூட அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அறைக்குள் நடமாடுவார். இதைப் போய் யாரிடம் சொல்வது? டெய்லர் மனைவி பிறகு கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டிகூட டெய்லர் வீட்டு வழியாகப் போகக்கூடாது, பின்பக்கச் சந்தில்தான் போகவேண்டும் என்று தம்பிக்கு உத்தரவு. இன்று காலை சந்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிவிட்டார்கள்.

"சர்ருனு தாண்டிடலாம்க்கா. அவர் புரண்டு படுக்கறதுக்குள்ள போயிடும்" என்றார் தம்பி. வண்டி காலி. ஆஸ்பத்திரியில் ஒருவர் இவர்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை.

டெய்லர் வீட்டு வாசலுக்கு நேராக வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

"டேய்!"

"என்ன டேய்? நானா நிறுத்தினேன்?"

"இதுக்கு நிக்கறதுக்கு வேற வீடே கிடைக்கலையா?"

தம்பி சாவியைத் திருகத் திருக வண்டி முனகியது. அக்கா இருக்கையில் சரிந்து தலையைக் கீழே இழுத்துக்கொண்டார். காலி வண்டி வாசலில் நின்றால் தெருவுக்கு அர்த்தம் ஒன்றுதான். சலூன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அதன் அடியிலிருந்து ஒரு பக்க மீசையோடு ஒருத்தர் எட்டிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வண்டியருகே வந்தார்.

"ஒண்ணும் ஆகலைங்க! வண்டிதான் ரிப்பேர்!" என்றார் அக்கா, வண்டி ஜன்னல் கண்ணாடியை இறக்கி.

"எனக்கும் நம்பத்தான் முடியலக்கா" என்றார் அவர். "மனசைத் தேத்திக்கணும்."

எதிர்வீட்டுக்காரர் பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கிப் போயிருந்த நாற்காலிகளைக் கொண்டுவந்து டெய்லர் வாசலில் வரிசையாகப் பிரித்துப் போட்டார். இந்த முறை துண்டு போடவில்லை.

வீட்டுக்குள் போன் அடித்தது. டெய்லர் மனைவியின் குரல் தெருவரை வந்தது. "என்னது? யார் சொன்னது? இருக்காருங்க! முழிச்சுட்டுத்தான் இருக்காரு!" அப்புறம் கதவு திறந்தது.

அவர் வண்டியைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். இறங்கி நின்ற அக்காவைப் பார்த்தார்.

"கால்ல விழாத குறையா கூப்பிட்டேன். அப்ப வரல. இன்னிக்கு வண்டியோட வந்திருக்கீங்க."

"ஜன்னல் வழியா பாத்துட்டாருக்கா" என்றார் டெய்லர் மனைவி மறுபடியும், குரல் உடைந்து. "பேச்சே இல்ல. கண்ணு வண்டி மேலயே நிக்குது."

அக்கா திரும்பி, "டேய், இறங்கித் தள்ளு. எல்லாரும் ஒரு கை குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனார்.

அறைக்குள் சுவரைப் பார்த்தபடிதான் நுழைந்தார். ஆணியில் டெய்லரின் அளவு நாடா தொங்கியது. பார்வையை அதில் மாட்டிவைத்தார்.

"அளவு எடுக்க வந்தீங்களாக்கா?" குரல் நூலாக இருந்தது.

"வண்டி நின்னுடுச்சு டெய்லரே" என்றார் அக்கா நாடாவிடம். "சத்தியமா ரிப்பேர்."

"அப்ப ஏன் என்னைப் பாக்க மாட்டேங்கறீங்க? பாக்கற மாதிரி இல்லையா நான்?"

கேட்ட குரலில் கிண்டல் துளிகூட இல்லை. அக்கா இத்தனை நாள் எதற்குப் பயந்து வராமல் இருந்தாரோ, பார்க்காமலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்.

நாடாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் கட்டிலருகே நகர்ந்தார். ஒரு தலையணையைத் துழாவி எடுத்து டெய்லரின் நெஞ்சின்மேல் வைத்தார். "இதை இறுக்கிக் கட்டிப் புடிங்க." ஒரு கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்தார், இன்னொன்றை முதுகுக்கு அடியில்.

"வேணாம்க்கா. தையல் பிரிஞ்சுடும்."

"பிரியாது. டபுள் தையல் போட்டிருப்பாங்க. நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும். என் ஆளுங்க மாதிரி சும்மா கிடந்தா எப்படி?"

வெளியே தம்பி "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்தினார். தெருவே வண்டியின் முதுகில் கை வைத்திருந்தது. சலூன்காரர் மூச்சிரைப்பதுகூடக் கேட்டது. டெய்லரின் உடம்பு கல்லாகக் கனத்தது. அந்தக் கனம் அக்காவுக்குத் தெரியும்; எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். அப்புறம் டெய்லரின் குதிகால் மெத்தையை உதைத்தது. கையில் இருந்த கனம் தானாகக் கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. இது அவருக்குத் தெரியாத கனம்.

வெளியே வண்டி இருமி, உறுமி, கிளம்பியது. யாரோ விசில் அடித்து, எந்த வண்டி என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டெய்லர் உட்கார்ந்திருந்தார். தலையணையை விடாமல் வேகவேகமாக மூச்சு வாங்கினார். அவர் முதுகுச் சட்டை அக்காவின் பிடிக்குள் கொத்தாக இருந்தது, அவ்வளவு தொளதொளப்பு.

"பின்னாடி புடிச்சுத் தைக்கணும் போலிருக்கேக்கா" என்றார்.

"தைக்க வேணாம். சாப்பிட்டு நீங்களே ரொப்புங்க."

கதவருகில் நின்ற டெய்லர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா சட்டையை விட்டு, அதை முதுகில் நீவிவிட்டு, இருந்த தலையணைகளையெல்லாம் பின்னால் அண்டக் கொடுத்தார். "வெயில் ஜாஸ்தி இல்ல?" என்று கேட்டுக்கொண்டே காலால் ஸ்டூலைத் தேடி இழுத்து, கட்டிலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். பிறகு நாடாவிலிருந்து கண்ணை எடுத்து, டெய்லரைக் கால் நகத்திலிருந்து தலைமுடிவரை, ஒரே பார்வையில், நிதானமாகப் பார்த்தார்.