ஏத்தியாச்சு மிஸ்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யோகம் மிஸ் இறந்துவிட்டார் என்று எங்கள் லாரி டிரைவர் செல்லையா ஹாலிஎலவிலிருந்து போனில் சொன்னபோது நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். போன தீபாவளிக்கு, மாமியார் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டதாகப் பொய்ச் சேதி சொல்லி அவனை வேலையிலிருந்து ஓடவிட்டவன் நான். அதற்குப் பழிவாங்குகிறான் என்று நினைத்து, “யாருக்குடா காது குத்துற?” என்றேன். “நெசந்தாண்ணே. இன்னைக்குக் காலையில” என்றான். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பசறைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவர் நர்ஸாக இருந்ததை மிஸ்ஸை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர். “கதைக்காதையும்” என்பார். “கதைக்கலை மிஸ், பேசுறேன்” என்பேன் நான். முறைப்பார். ஆனால் மருந்தைக் குறைத்துக் கொடுத்ததில்லை.

நான் கொழுந்து லாரியில் சாக்கு ஏற்றுகிறவன். ஒருநாள் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி கொத்தும்போது, மண் கிளறும் முள்ளின் ஒரு பல் பாதத்தில் இறங்கிவிட்டது. மிஸ் கழுவிக் கட்டினார். ஏற்பு ஊசி தன்னிடம் முடிந்துவிட்டது, இன்றைக்கே பசறைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். தாடையைப் பூட்டிவிடும் டெட்டனஸ் நோய்க்கு அவர்கள் பக்கம் ஏற்பு என்று பெயராம். எனக்கு அந்தச் சொல் காதில் நிற்கவே இல்லை. துண்டு சட்டைப்பையில் போனது. சட்டை துவைக்கப் போனது.

மறுநாள் லாரி டிஸ்பென்சரியைத் தாண்டும்போது மிஸ் படியில் நின்று ஏதோ கேட்டார். எஞ்சின் இரைச்சலில் “ஏத்தியாச்சோ?” மட்டும்தான் விழுந்தது. சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்த நான், “ஏத்தியாச்சு மிஸ், எல்லாம் ஏத்தியாச்சு” என்று கையாட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ரொட்டி வாய்க்குள் போகவில்லை. தாடை திறக்க மறுத்தது. அந்த வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துப் பேசும் கணக்கப்பிள்ளையைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதனால் என் மனைவி லெட்சுமி திரும்பியும் பார்க்காமல், “இன்னும் முடியலையா ஒங்க நாடகம்?” என்றாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்துக்குப் போனேன். பல்லிடுக்கால் நான் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்தார்கள். என் முகமும் தானாக இளித்துக்கொண்டு நின்றது. உள்ளே எனக்கு ஒரே பயம். இளித்த முகத்தோடு பயப்படுகிறவனை யார் நம்புவார்கள்?

மிஸ் நம்பினார். ஒரு கரண்டியைத் தொண்டைப் பக்கம் நுழைத்தார். எனக்குக் குமட்டவில்லை, தாடை தானாகக் கரண்டியைக் கவ்விக்கொண்டது. அவர் முகம் வெளுத்தது. லாரியைக் கேட்டு வாங்கி, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சத்தம் பட்டால் உடம்பு இழுக்கும், ஹார்ன் அடிக்கக் கூடாது என்று செல்லையாவிடம் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் புறப்பட்டார்.

வழியில் நான் கையால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நரம்புக்குள்ளும் ஒரு லாரி ஓடுகிறதாம். முதுகுத்தண்டில் ஃபக்டரி; அங்கிருந்து தசைக்குச் சாமான் இறங்கும், தசைப் பக்கமிருந்து சாக்கு மேலே ஏறும். “அந்தச் சாக்குக்குள்ள இந்த நஞ்சு ஒளிச்சிருந்து போகுது. மேல போய், ‘போதும், விடு’ எண்டு சொல்ற ஆளின்ர வாயைக் கட்டிப்போடும். பிறகு இழுத்த தசை இழுத்தபடிதான்.” காயம் காலில், பூட்டியது ஏன் தாடை என்று தொட்டுக் காட்டினேன். நஞ்சு ரத்தத்திலும் சுற்றி எல்லா நரம்பு முனையிலும் ஏறும், தாடை நரம்பு குட்டை, அதனால் அது முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்.

மருந்து இருக்கிறதா என்று கண்ணால் கேட்டேன்.

“ஏறினதை இறக்கேலாது, ராசு. ஏறாமல் வெளியில நிக்கிறதைத்தான் மருந்து பிடிக்கும்.”

எவ்வளவு ஏறியிருக்கும் என்று விரலால் அளந்து காட்டினேன். தெரியாது என்றார். பொய் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் எனக்குள் ஒரு சாக்கு ஏறுகிறது என்றே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

பதுளையில் இருட்டறையில் கிடந்தேன். யாராவது கதவைச் சாத்தினால் முதுகு வில்லாக வளையும். வெளியே லெட்சுமி கால் சத்தம்கூடக் கேட்காமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்க வந்த செல்லையா ஒரு பகிடியைத் தொடங்கினான். சிரிப்பும் என்னை முறித்துப்போடும் என்று, வாராவாரம் வந்து பார்த்த மிஸ் அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். நரம்பு முனை புதிதாக வளர வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும் என்று மட்டும் காதோரம் சொல்வார்.

வாய் திறந்ததும் நான் சொன்ன முதல் பேச்சு, “அன்னைக்கு ஏத்துனது சாக்கு மிஸ்” என்பதுதான்.

“என்னத்தை ஏத்தினீர் எண்டு நான் கேட்டிருக்க வேணும். கேக்காதது என்ர பிழை.”

இல்லை, என் பிழை என்றேன். கதைக்காதையும் என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் ஒற்றைச் சொல்லில் பதில் வாங்கியதில்லை. எந்த ஊசி, எங்கே, ஆர் போட்டது, எந்தக் கையில் என்று நிற்கவைத்துக் கேட்பார். தோட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விகளைத்தான். யாராவது “ஆச்சு” என்றால் எனக்கு இன்றும் அது போதாது. மகள் மருந்து குடித்தாச்சு என்றால், எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று கேட்டு அவள் உயிரை வாங்குகிறேன். மிஸ் போன பிறகு என்னை யார் கேட்பார்கள் என்ற பயத்தில், காரியம் முடிந்த மறுநாளே, பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசிக்கு நானாகவே போனேன். எந்த ஊசி, எந்தக் கை என்று தெளிவாகச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் பிள்ளை ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைத்தாள். கண் திறந்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன். ஒரு செருப்பு மேசைக்குக் கீழே கிடந்தது. ஊசி இன்னும் போடவில்லை என்றார்கள்.