எரிந்துபோன கொக்குகள்

வெள்ளைக் கொக்கைப் படம் எடுப்பது லேசான வேலை என்று நினைப்பவர்களை ஒருநாள் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்கு அனுப்பிவைக்க வேண்டும். உப்பங்கழியின் எதிர்க்கரை முழுக்க சுரபுன்னைக் காடு கரும்பச்சையாக அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் கையளவு வெள்ளை. கேமரா இருட்டைப் பார்த்துப் பயந்துபோய் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டிவிடும். கொக்கு எரிந்துபோகும். இறகு, மடிப்பு, நிழல் எதுவும் இல்லாமல் வெறும் சுண்ணாம்பு வெள்ளை மிஞ்சும். அப்புறம் கம்ப்யூட்டரில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அந்த இறகு திரும்ப வராது. அதனால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, மைனஸில் வைத்து, காடு கறுத்துப்போனாலும் போகட்டும் என்று எடுக்க வேண்டும்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னது. கேமராவும் அவருடையதுதான். செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை பார்த்த காலத்தில், ஞாயிறானால் சிதம்பரத்திலிருந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிள்ளைக்குக் கிளம்பிவிடுவார். அவர் படம் எடுப்பார், நான் கொசு அடிப்பேன். குவைத்தில் வேலை கிடைத்துப் போகும்போது கேமராவை என் மடியில் வைத்து, "ரெண்டே வருசம். அதுவரைக்கும் கொக்க நீ பாத்துக்கோ" என்றார். இரண்டு வருஷம் முடிந்ததும், லீவுகூட எடுக்காமல் இன்னொரு வருஷம் நீட்டிவிட்டார்.

எனக்குக் கெஞ்சத் தெரியாது. "வந்துடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் போன முதல் வாரத்திலிருந்தே ஞாயிறுதோறும் ஸ்கூட்டியில் கிள்ளைக்குப் போய்ப் படம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அன்று பார்க்கிற மாதிரி அனுப்புவேன். ஒரே ஒரு நல்ல படம் அமைந்துவிட்டால் போதும், மனுஷனுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது, மூட்டையைக் கட்டிவிடுவார் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

முதல் படத்துக்கே குறை சொன்னார்.

"இன்னாம்மா, ஒரே இருட்டா இருக்கு?"

"மைனஸ் ஒண்ணுதான் மாமா வெச்சேன். நீங்க சொன்னதுதான்."

"பத்தல. கொஞ்சம் ஏத்து."

ஏற்றினேன். அடுத்த வாரமும் பத்தல. மைனஸ் போய் சைபர் வந்தது, சைபர் போய் பிளஸ் வந்தது. என் லேப்டாப்பில் கொக்குகள் கொடியில் காய்கிற வேட்டி மாதிரி தெரிந்தன. அவரோ, "இப்பத்தான் நல்லாருக்கு" என்றார். லேப்டாப் பழசு, அதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை மட்டும் பொறுக்காமல், "எனக்கு இங்க எரிஞ்சி தெரியுது, உங்களுக்கு அங்க இருட்டுன்னா, கண்ணு டாக்டர்கிட்டதான் போவணும்" என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு பிளஸ் ஒன்றில்தான் எடுத்தேன். படம் யாருக்கு? அவருக்குத்தானே.

போன தை மாதம் ஒரு மாத லீவில் வந்தார். வந்த மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, அறைக்கூட்டாளிகளின் படங்களைக் காட்டுகிறேன் என்று போனை நீட்டினார். திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

"இன்னா மாமா, சார்ஜ் இல்லயா?"

"இருக்கே. வெளிச்சத்த அடியோட கொறச்சி வெச்சிருக்கேன். ரூம்ல எட்டு பேரு. நைட் ஷிஃப்ட் முடிச்சவுங்க பகல்ல தூங்குவாங்க. ஜன்னல்ல போர்வை தொங்கும். போன் வெளிச்சம் மூஞ்சில அடிச்சா சத்தம் போடுவாங்க. பழகிப்போச்சு, ஏத்தணும்னே தோணல."

"வெளிய போயி பாக்கறதுதானே?"

"அந்த வெயில்ல போன்ல இன்னாம்மா தெரியும்?"

வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, நான் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அவரும் எட்டிப் பார்த்தார். "இதுல எறகே இல்லயே" என்றார் மெதுவாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "மூணு வருசமா ஏத்து ஏத்துன்னு சொன்னது யாரு?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போதுதான் அந்த அறை என் கண்ணுக்குத் தெரிந்தது. போர்வை தொங்கும் ஜன்னல், தூங்குகிறவர்களுக்கு நடுவில் மூச்சுவிடாமல் போனைக் கண்ணருகே வைத்திருக்கும் இந்த மனுஷன். கோபம் அழுகையாக மாறியது. அவ்வளவு வெள்ளையை எரித்தும் அவருக்குக் கொஞ்சம்தான் தெரிந்திருக்கிறது.

லீவு முடிந்தது. ஊருக்குத் திரும்பி வருவதைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை. பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம், "இனிமே கரெக்டா மைனஸ்ல எடுக்கறேன். நீங்க போன்ல வெளிச்சத்த ஏத்திப் பாருங்க. கொக்குக்கு எறகு வேணும்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நான் கொக்கயா பாத்தேன்?" என்றார். "எதிர்க்கரைல மரம், கழியோட வளைவு எல்லாம் தெரிஞ்சா, அத வெச்சி நீ எந்த எடத்துல உக்காந்து எடுத்திருக்கன்னு கண்டுபுடிச்சிடுவேன். அது தெரியணும்னுதான் ஏத்தச் சொன்னேன்."

அவர் போய்விட்டார். இன்னும் இரண்டு வருஷமாம். நான் பிளஸ் ஒன்றில்தான் எடுக்கிறேன், கொக்கு எரிந்துதான் போகிறது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அங்கிருந்து தேடுகிறவர், பக்கத்தில் வந்து உட்காரலாம் இல்லையா? இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் கௌரவம் பார்க்காமல் எழுதி அனுப்புகிறேன்: வந்துடுங்க மாமா.