ஐஸ்காரர் வீட்டம்மாவின் ஓட்டு

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில்தான் நின்றிருக்கிறேன். அதில் ஜெயித்தும் இருக்கிறேன். இதைச் சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. எட்டாம் வகுப்பில், இரட்டைச் சடை போட்ட வயதில் நடந்தது என்று சேர்த்துச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ராயபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் கயிறு அன்றைக்கு என் கையில்தான் இருந்தது.

குடியரசு தினம் என்றால் எங்களுக்கு அதுவரை வெயில்தான். கொடியேற்ற யாராவது ஒரு பெரிய மனிதரைக் கூப்பிடுவார்கள். அவர் தாமதமாகத்தான் வருவார். அதற்குள் வரிசையில் இரண்டு பேராவது மயங்கி விழுந்துவிடுவார்கள். கொடி பறந்ததும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் புதிதாக வந்த வரலாற்று டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. நாடு முதன்முதலாக எப்படி ஓட்டுப் போட்டதோ அப்படியே நாமும் ஒரு தேர்தல் நடத்துவோம், ஜெயிக்கிற பிள்ளைதான் கொடியேற்ற வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கிவிட்டார்.

நாட்டின் அந்த முதல் தேர்தலில் மிஷின் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். திரைக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். நாங்கள் பிஸ்கட் டின்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, மூடியில் வாய் வெட்டினோம். டீச்சரின் பழைய சேலை திரையானது. ஓட்டுப் போடப்போவது நாங்கள் அல்ல, எங்கள் தெருக்களில் இருந்த பெரியவர்கள்.

போட்டி எனக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையனுக்கும். அவன் அப்பா துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்தார். அதனால் அவன் கப்பல் சின்னத்தை எடுத்துக்கொண்டான். எனக்கு மீன்கூடை. காசிமேட்டில் மீன் விற்கிற என் அத்தையின் கூடையைப் பார்த்து நானே வரைந்தேன். அவன் வீடு வீடாகப் பேனா கொடுத்தான். கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அத்தையின் தோழிகள். கயிற்றை எந்தக் கையால் இழுப்பது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

வாக்காளர் பெயரை எழுத என் வகுப்புத் தோழி எங்கள் தெருவுக்கு வந்தாள். அத்தையும் மாமாவும் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மாமாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு இன்னாத்துக்குமே? ஐஸ்கார் வூட்டம்மான்னு எய்திக்கோ. காசிமேடு பூரா தெரியும்."

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். ரீட்டா அம்மா, டிரைவர் சம்சாரம், மாடி வூட்டு மருமவ. எனக்கும் அவர்களை வேறு எப்படியும் தெரியாது. பெயர் இல்லாமல் இல்லை. எல்லாருடைய பெயரும் அடையாள அட்டையில் இருந்தது, அட்டை பீரோவில் இருந்தது.

டீச்சர் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தார். என் தெருப் பெண்கள் ஒருத்தர் விடாமல் அடிபட்டார்கள். முதல் தேர்தலிலும் இப்படித்தான் நடந்தது என்றார். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்ன ஏராளமான பெண்களின் பெயர்களை நீக்கிவிட்டார்களாம். ஓட்டு முடிகிற வரைக்கும் நேரில் வந்து சொந்தப் பெயரைச் சொன்னால் சேர்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. டீச்சர் கப்பலோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார் என்று தீர்மானித்து, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை முழுவதையும் கேட்டாள். "என் ஓட்ட அடிச்சுட்டாங்களா? யாரு, அந்த டீச்சரா?" என்றாள். பிறகு எழுந்து பக்கத்து வீட்டுப் பக்கம் போனாள். நான் தோற்றுவிட்டேன் என்றே படுத்தேன்.

மறுநாள் ஓட்டுப்பதிவு. காலையிலிருந்து அடுக்குமாடிக்காரர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். பையன் வாசலில் நின்று எல்லாருக்கும் வணக்கம் வைத்தான். நான் வேப்பமரத்தடியில் நின்று நகம் கடித்தேன். வெயில் ஏறிய நேரத்தில் முதலில் மீன் வாசனை வந்தது, அப்புறம் அத்தை வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக, தலையில் சும்மாட்டுத் துணியோடு. பின்னால் எங்கள் தெரு மொத்தமும் வந்தது.

அத்தை டீச்சரின் மேசை முன்னால் போய் நின்றாள். "நீங்கதானே என் ஓட்ட அடிச்சது?"

டீச்சர் எழுந்து நின்றார். "ஆமாம்மா. உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அத்தைக்கு மீன் கூவி விற்கிற தொண்டை. அந்தத் தொண்டையை முழுதாகத் திறந்து, "மரிய ஞானசுந்தரி!" என்றாள்.

மைதானத்தில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். நான் வாயைப் பிளந்தேன். இவ்வளவு பெரிய, இவ்வளவு அழகான பெயரை வைத்துக்கொண்டா இத்தனை வருஷமும் ஐஸ்காரர் வீட்டம்மாவாக இருந்தாள்?

அதற்கப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. ரீட்டா அம்மா, சகாயமேரி ஆனாள். டிரைவர் சம்சாரம், நூர்ஜஹான். ஒவ்வொரு பெயருக்கும் வரிசையில் ஒரு விசில் பறந்தது. மாடி வீட்டு மருமகள் முறை வந்தபோது மட்டும் அவள் தயங்கினாள்.

"எந்தப் பேரு டீச்சர்? கண்ணாலத்துக்கு முன்னாடி ஒண்ணு கீது. கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தப்போ ஒண்ணு வெச்சாங்கோ."

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் சொல்லுங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே "காவேரி," என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி. அத்தை அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "சத்தமா சொல்லுமே!" என்றாள். "காவேரி!" என்று அவள் கத்தியதும் வரிசை முழுக்கக் கைதட்டியது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். கப்பல் பெட்டியைக் கவிழ்த்தபோது மேசை தெரிந்தது. கூடைப் பெட்டியைக் கவிழ்த்தபோது மேசை தெரியவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மறுநாள் காலையில் பெரிய மனிதர் யாருக்காகவும் காத்திருக்காமல், ஒருவரும் மயங்கி விழாமல், நான் கயிற்றை இழுத்தேன். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. பூவெல்லாம் என் தலையில் விழுந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் வஞ்சிர மீன் குழம்பு. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. கப்பல் சின்னப் பையனுடைய அம்மா அத்தையிடம் பேரம் பேசாமல் மீன் வாங்குகிறவர்.

"அத்த, கூடைக்குத்தானே போட்டே?"

"அது உனக்கு இன்னாத்துக்கு?"

"சொல்லு அத்த."

"யார் கைலயும் சொல்லக்கூடாதுன்னு உங்க டீச்சர் சொன்னாங்கோ. என் ஓட்டு அது."

மாமாவும் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தார். நிஜத் தேர்தலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அத்தையிடம் காலையிலேயே சொல்லி அனுப்புகிறவர் அவர்தான். அவரிடமும் அவள் சொல்லவில்லை. குழம்புச் சட்டியைத் துழாவி, மீனின் நடுத்துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

நாட்டுக்கே கொடியேற்றிவிட்டு வந்தவள் நான். நடுத்துண்டு எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். கோபத்தில் அன்று முழுக்க அத்தையோடு பேசவில்லை. ஜெயித்தது நான்தானே, இவள் எதற்கு இப்படிச் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.